கைத்துப்பாக்கி உரிமம் கோரும் காவிரிப் படுகைப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி உரிமம் பெற்றிருக்கும் அல்லது அதற்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கும் அரிசி ஆலை உரிமையாளர்கள், நெல் வணிகர்கள், நகைக்கடையும் அடகுக்கடையும் நடத்துவோர், நிலக்கிழார்கள் ஆகியோரின் கவனத்திற்கு:

உரிமம் கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தவுடன் விண்ணப்பதாரர்களிடையே முதலில் எழும் கேள்வி, அன்றாடம் இடுப்பில் வைத்துக்கொள்ளத்தக்க சிறிய துப்பாக்கிகளுள் குறி பிசகாமல் சுடுவது எது என்பதாகும். கேள்வி நியாயமானதே, குறி பிசகும் துப்பாக்கி தன்னை வைத்திருப்பவரைக் காப்பதற்கு முன் அருகில் நிற்பவரைக் காயப்படுத்திவிடும். எனினும் துல்லியம் என்பது கடையில் வாங்கும் பொருளோடு முழுமையாக வந்து சேர்வதன்று. அதில் ஒரு பங்கு குழலிலும் விசையிலும் இருக்க, எஞ்சிய பெரும்பங்கு சுடுபவரின் கையிலும் கண்ணிலும் பழக்கத்திலும் இருக்கிறது. அப்பழக்கத்தை வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பு காவிரிப் படுகையில் மிக அரிது என்பதையும், பழக்கமில்லாதவர் நாள்தோறும் துப்பாக்கி சுமப்பது அவருக்கும் ஊருக்கும் கேடு என்பதையும் எடுத்துரைக்கவே இம்மடல் எழுதப்படுகிறது.

தெரிவுக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் இடம் குறுகியது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் துப்பாக்கிகளைத் தடைசெய்யப்பட்ட துளை கொண்டவை, தடைசெய்யப்படாத துளை கொண்டவை எனப் பிரித்து நடத்துகின்றன. துளை என்பது குண்டு ஓடிவரும் குழலின் உள்விட்டம். காவல்துறையும் படைகளும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் முதற்பிரிவைச் சேர்ந்தது. மாவட்ட ஆட்சியர் வழங்கும் வழக்கமான உரிமத்தில் அதைப் பெற இயலாது. குடிமக்களுக்கு எஞ்சுபவை பெரும்பாலும் .32, .22 ஆகிய அளவுகளே. இவை அங்குலத்தின் நூறில் 32 பங்கு, 22 பங்கு என்பதைக் குறிக்கும். 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் இறக்குமதிக்குத் தடை இருப்பதால், அதற்கு முன் வந்த ஐரோப்பிய, அமெரிக்கப் பிஸ்டல்கள் உரிமதாரர் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பெருவிலைக்குக் கைமாறி வருகின்றன. புகழ்பெற்ற முத்திரை பொறித்திருக்கிறது என்பதற்காக, உள்வரிகள் தேய்ந்துபோன குழலுக்கு லட்சக்கணக்கில் கொடுப்பது துல்லியத்தைத் தேடுவோர் செய்யத்தக்க செயலன்று. குழலின் உட்சுவரில் திருகுபோல் வெட்டப்பட்டிருக்கும் அவ்வரிகளே குண்டைச் சுழலவைத்து நேர்வழியில் செலுத்துகின்றன. அவை மழுங்கிய பின் முத்திரையால் ஆவது ஒன்றுமில்லை.

இந்நாட்டிலேயே செய்யப்படும் கைத்துப்பாக்கிகள் நெடுங்காலமாக அரசுத் தொழிற்சாலைகளிலிருந்தே வந்தன. பழைய வெப்ளி ரிவால்வரின் வழியில் நடுவே மடித்துத் திறக்கும் .32 ரிவால்வர் கான்பூரில் செய்யப்பட்டது. 2014இல் அதே நகரின் பீரங்கித் தொழிற்சாலை, பெண்களை மனத்தில் கொண்டு, டைட்டானியக் கலவையாலான சுமார் 500 கிராம் எடையுள்ள ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலை ‘நிடர்’ என்ற 250 கிராம் எடையுள்ள .22 ரிவால்வரைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபர் 1ஆம் நாள் நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளும் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபின், அவற்றுள் துப்பாக்கி செய்யும் நிறுவனம் 2023இல் ‘பிரபல்’ என்ற ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. தோட்டாக்கள் செருகும் உருளை பக்கவாட்டில் வெளியே சாயும்படி செய்யப்பட்ட ரிவால்வர் அது. தோட்டாக்கள் நீங்கலாக 700 கிராம் எடையும் 76 மில்லிமீட்டர் குழலும் கொண்டது. திருச்சி நவல்பட்டில் 1966 முதல் இயங்கிவரும் துப்பாக்கித் தொழிற்சாலையும் அதே நிறுவனத்தின் கீழ் வருகிறது என்பது தஞ்சைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அங்கே முதன்மையாகச் செய்யப்படுபவை படைகளுக்கான நீள்துப்பாக்கிகள்.

ரிவால்வர், பிஸ்டல் என்ற இரண்டின் வேறுபாடும் இங்குச் சொல்லப்பட வேண்டும். ரிவால்வரில் ஐந்தாறு தோட்டாக்கள் சுழலும் உருளையொன்றில் அமர்ந்திருக்க, விசையை இழுக்கும்போதெல்லாம் உருளை ஓர் இடம் நகர்ந்து அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவருகிறது. பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகப்படும் ‘மேகசின்’ என்ற பெட்டியில் அடுக்கப்பட்டிருக்க, ஒரு தோட்டா வெடிக்கும் விசையே மேற்பகுதியைப் பின்தள்ளி வெற்றுக்கூட்டை வெளியேற்றி அடுத்ததை ஏற்றிவிடுகிறது. தோட்டா ஈரம் கோத்து வெடிக்கத் தவறினால் ரிவால்வரில் மறுபடி விசையை இழுத்தால் போதும். பிஸ்டலில் இரு கைகளாலும் அதை அகற்ற வேண்டும். ஐப்பசி கார்த்திகை மாதங்களில் சுவரே வியர்க்கும் படுகைப் பகுதியில் இவ்வேறுபாடு சிறியதன்று. அதே வேளையில் .32 பிஸ்டல்களுக்கு ஒரு சிறப்புண்டு: ஜான் பிரௌனிங் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடிவமைத்த அச்சிறு தோட்டாவின் வேகம் மிதமானதாதலால், அதற்கான பிஸ்டல்களில் குழலை அசையாமல் சட்டத்தோடு பொருத்திவிடலாம், ஒவ்வொரு வெடிப்பிலும் சாய்ந்து மீளும் குழலைவிட அசையாக் குழல் ஒரே இடத்தில் குண்டுகளைக் குவிக்க வல்லது. ரிவால்வருக்குரிய .32 தோட்டாவோ நீளமானது, 1896இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் வெளியிட்டது. பன்னாட்டு 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் இன்றும் கையாளப்படுமளவுக்கு இயல்பிலேயே துல்லியமானது. ஆகவே, பெரிய துளை கிடைக்கவில்லையே என்று துல்லியத்தின் பேரால் வருந்த வேண்டியதில்லை. இவ்விரு தோட்டாக்களும் .32 என்றே அழைக்கப்பட்டாலும் ஒன்றுக்குரியதை மற்றொன்றில் இடக்கூடாது. வாங்கும்போது முழுப்பெயரும் உரிமத்தில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா எனப் பார்த்தாக வேண்டும்.

சிறிய துப்பாக்கி ஏன் குறி தவறுகிறது என்பதற்குக் கணக்கே விடை சொல்லும். குழலின் நுனியில் ஒரு முன்குறியும் பின்புறம் பிளவுடைய ஒரு பின்குறியும் இருக்கும். இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்துவதே குறிபார்த்தல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் 15 சென்டிமீட்டராக இருக்கும் துப்பாக்கியில் முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் 7 மீட்டருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ 4.7 சென்டிமீட்டர் விலகும்; அத்தூரம் 10 சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டால் அதே விலகல் 7 சென்டிமீட்டராகும். மறைத்து வைக்க வசதியாகக் குழலைக் குறைக்கக் குறைக்க, கையின் அதே நடுக்கம் இலக்கில் பெரிதாகித் தெரிகிறது. குறுங்குழல் துப்பாக்கியின் குறை இரும்பில் இல்லை. மனிதக் கைக்கு அது மன்னிப்பே அளிப்பதில்லை என்பதில் இருக்கிறது.

விசையின் கனம் இதைவிடப் பெரிய காரணம். தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் சுத்தியலைப் பின்னிழுப்பது, விடுவிப்பது ஆகிய இரு வேலைகளையும் ஒரே இழுப்பில் செய்யும் ரிவால்வர் விசை, பொதுவாக 4 முதல் 6 கிலோ எடைக்கு நிகரான இழுவிசையைக் கேட்கும். சுத்தியலை முன்பே கட்டைவிரலால் பின்னிழுத்து வைத்தால் 2 கிலோ அளவே போதும். ஆனால் பதற்றத்தில் அந்நிலையில் துப்பாக்கியை வைத்திருப்பது தவறிச் சுடுவதற்கு வழி. 500 கிராம் எடையுள்ள கருவியின் விசையை 5 கிலோ இழுவிசையோடு இழுக்கும்போது, கருவி தன் எடையைப்போல் பத்து மடங்கு விசைக்கு ஆட்பட்டும் அசையாதிருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கப்படுகிறது. எடை குறைந்தால் சுமப்பது எளிது, சுடுவது கடினம் என்பதே உண்மை. கையிலெடுத்துப் பார்த்தவுடன் இலேசாக இருக்கிறது என்று மகிழ்ந்து வாங்கியவர்கள் பலரும் முதல் பயிற்சியில் தடுமாறுவது இதனால்தான். 250 கிராம் கருவியைவிட 700 கிராம் கருவியே புதியவர் கைக்கு ஏற்றது. கைப்பிடியில் சுண்டுவிரலுக்கும் இடமிருப்பது, வியர்த்த உள்ளங்கையில் வழுக்காத சொரசொரப்பு, விரல் நுனியிலுள்ள சதை விசையின் நடுவில் அமரும் அளவு ஆகியவை பளபளப்பைவிட முன்னிற்க வேண்டியவை.

கண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒருவர் உரிமம் கோருமளவுக்குச் செல்வமும் சமூக நிலையும் சேர்வதற்குள் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்துவிடுகிறார். அதற்குள் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. குறிபார்க்கும்போது கண் தெளிவாகக் காண வேண்டியது எதிரிலுள்ள இலக்கையன்று, நீட்டிய கையின் முனையில் நிற்கும் முன்குறியை. வெள்ளெழுத்துக் கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதும் ஏறத்தாழ அதே தூரந்தான். செய்தித்தாள் படிக்கக் கண்ணாடி தேடும் ஒருவர், இரவு பத்து மணிக்கு ஆலை வாசலில் முன்குறியைத் தெளிவாகக் காண்பார் என்று கருத இடமில்லை. வெள்ளை அல்லது செம்மஞ்சள் வண்ணம் தீட்டிய அகன்ற முன்குறி ஓரளவு உதவும். கண் மருத்துவரிடம் கை நீளத் தூரத்தைச் சொல்லிக் கண்ணாடி பெறுவது அதைவிட உதவும்.

துப்பாக்கியின் துல்லியத்தையும் சுடுபவரின் துல்லியத்தையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. அது உரிமம் பெற்ற சுடுதளத்தில், பயிற்றுநர் முன்னிலையில் மட்டுமே செய்யத்தக்கது. மணல்மூட்டை மீது கையைத் தாங்கி, 10 மீட்டரில் அவசரமின்றி ஐந்து குண்டுகள் சுட்டு, அவை எவ்வளவு இடத்திற்குள் விழுகின்றன என்று அளக்க வேண்டும். பின் தாங்கல் ஏதுமின்றி நின்றவாறு அதே ஐந்தைச் சுட்டு அளக்க வேண்டும். தாங்கிச் சுட்டவை உள்ளங்கைக்குள் அடங்கி, நின்று சுட்டவை முறத்தளவு சிதறினால் கருவியிடம் குறையில்லை, மாற்ற வேண்டியது அதுவன்று. தாங்கிச் சுட்டவையே சிதறினால் குழல், குறி, தோட்டா ஆகியவற்றுள் ஒன்று பழுது. தாங்கிச் சுட்டவை நெருங்கி விழுந்தும் எல்லாம் ஒருபக்கமாக விலகியிருந்தால், குறி அந்தத் தோட்டாவுக்குப் பொருந்தவில்லை எனப் பொருள். இச்சோதனையை ஒருமுறையேனும் செய்யாமல் ‘என் துப்பாக்கி குறி தவறாது’ என்று சொல்லிக்கொள்வதற்கு அடிப்படை எதுவும் இல்லை.

அன்றாடம் சுமப்பது என்ற சொல்லுக்குப் படுகையில் தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. பொது இடத்தில் கைத்துப்பாக்கியைக் கொண்டுசெல்வோர் அதற்கென்று செய்யப்பட்டு உடலோடு பொருத்தப்பட்ட உறையிலோ அதுபோன்ற பையிலோ முழுவதும் மூடி, தம் முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டுமென ஆயுத விதிகள் கட்டளையிடுகின்றன. வெளியே எடுத்துக் காட்டுவதும் விதிமீறலே. வேட்டி கட்டும் ஊரில் இக்கட்டளை எளிதன்று. பணப்பையோடு கூடிய அகன்ற இடுப்புவார் ரூபாய்த்தாளுக்கும் வெற்றிலைக்கும் ஏற்றது. விசையை மூடிக் காக்கும் கெட்டியான உறை அதில் இல்லை. மடியில் செருகிய ரிவால்வர் இருசக்கர வண்டியில் ஏறும்போது நழுவியதும் வரப்பில் குனியும்போது விழுந்ததும் கேட்பதற்குச் சிறியவையாகத் தோன்றினாலும் உயிர்போக்கும் செய்திகள். உறையற்ற துப்பாக்கி எவ்வளவு துல்லியமானதாயினும் சுமக்கத்தக்கதன்று.

இனி, இப்பகுதியின் நிலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் தோட்டத்திலோ வயலிலோ சுட்டுப் பழகிக்கொள்ளலாம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. சுடுதளம் என்பதற்கு இன்றியமையாத உறுப்பு குண்டைத் தாங்கி நிறுத்தும் பின்மேடு. காவிரிப் படுகையோ கல்லணைக்குக் கீழே கடல்வரை மேடென்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லாத தட்டைநிலம். குறி தவறிய .32 குண்டு ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் செல்லவல்லது; அத்தூரத்திற்குள் அடுத்த ஊரின் தெருவும், களத்துமேடும், நாற்றுப் பறிக்கும் பெண்களும் இருப்பார்கள். சம்பா நடவுக்காக நீர் கட்டிய வயலைப் பாதுகாப்பான இடமென்று கருதுவது பெரும்பிழை; தாழ்ந்த கோணத்தில் நீரின்மேல் படும் குண்டு உள்ளே இறங்காமல், ஓட்டாஞ்சில்லுபோல் தெறித்துத் திசைமாறி மேலும் பறக்கும். வீடுகளும் அப்படியே. கீற்றுத் தடுப்பும் மெல்லிய மரக்கதவும் .32 குண்டைத் தடுக்கா. அக்கிரகாரத்திலும் கடைத்தெருவிலும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் வீடுகளின் சன்னல்களும் எதிரெதிரே அமைந்தவை. திருடனை நோக்கிச் சுட்டுத் தவறிய ஒவ்வொரு குண்டும் எங்கோ ஓரிடத்தில் போய் நின்றே தீரும். அது எங்கே நின்றது என்பதற்குச் சட்டத்தின் முன் பொறுப்பேற்பவர் சுட்டவரே.

பயிர்க்காவலுக்குக் கைத்துப்பாக்கி எனச் சிலர் சொல்லும் காரணமும் பொருந்தாது. சட்டம் பயிர்க்காவலுக்கென முதன்மையாக ஏற்றுக்கொள்வது வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியையே. பயிரை மேயும் மயில் போன்றவையோ 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை, அவற்றைச் சுடவும் கூடாது.

துல்லியத்தைப் பற்றிக் கவலைப்படுவோர், உண்மையில் கைத்துப்பாக்கிகள் எவ்வளவு தூரத்தில் சுடப்பட்டன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழகம் நன்கறிந்த இரு நிகழ்ச்சிகள் போதும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டது ரயில் பெட்டிக்குள், பிரௌனிங் பிஸ்டலால். 1967 ஜனவரி 12 அன்று ராமாபுரம் இல்லத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டது உரையாடிக்கொண்டிருந்த அறைக்குள். இரண்டிலும் தூரம் பேச்சுக் கேட்கும் தூரமே. போட்டிகளில் அளக்கப்படும் 25 மீட்டரன்று. இரண்டாவது நிகழ்ச்சியில் கழுத்தில் குண்டு பாய்ந்தவரும் பிழைத்தார், அவரைச் சுட்டுப் பின் தம்மையே சுட்டுக்கொண்டதாகத் தீர்ப்பளிக்கப்பட்ட எம்.ஆர். ராதாவும் பிழைத்தார், ஒருவரின் குரல் வாழ்நாள் முழுவதும் மாறிப்போயிற்று, மற்றவர் சிறை சென்றார். திரைப்படத்தில் ஒரு குண்டில் எதிராளி சாய்வதுபோல் வாழ்க்கையில் நடப்பதில்லை என்பதும், இரண்டு மூன்று மீட்டருக்குள் முடிந்துவிடும் நிகழ்ச்சியில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவே நேரமிருக்காது என்பதும் இவற்றால் விளங்கும். பின்னாலிருந்து வண்டியை மறித்து அரிவாளோடு வரும் இருவரை எதிர்கொள்ள, குழலின் துல்லியம் எவ்வகையிலும் உதவப்போவதில்லை. மாலைக்குமுன் கிளம்புவதும், ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகாதிருப்பதும், துணையோடு செல்வதும் உதவும்.

துப்பாக்கி கேட்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ரொக்கம். குறுவையும் சம்பாவும் தாளடியும் அறுவடையாகும் நாட்களில் மூட்டை மூட்டையாகப் பணம் கைமாறிய காலத்தில் அதற்கு வலு இருந்தது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் விற்கும் நெல்லுக்குரிய தொகை இன்று விவசாயியின் வங்கிக் கணக்கில் நேரே வரவு வைக்கப்படுகிறது. ஆலைகளுக்கும் வணிகர்களுக்கும் இடையிலும் வங்கிவழிப் பரிமாற்றம் பழகிவிட்டது. சுமக்கும் ரொக்கத்தைக் குறைப்பது, சுமக்கும் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதைவிட நிச்சயமான காவல். நகையோடு பயணம் செய்யும் வணிகர்களின் நிலை வேறு. அவர்களுள் சிலருக்கு உண்மையான தேவை உண்டு, அதை இம்மடல் மறுக்கவில்லை.

சொல்லத் தயங்கும் இன்னொரு காரணமும் உண்டு, அது கௌரவம். சுவரில் மாட்டிய இரட்டைக்குழல் துப்பாக்கி நெடுங்காலம் பண்ணை வீட்டின் அடையாளமாக இருந்தது, இடுப்பு ரிவால்வர் அதன் இன்றைய வடிவம். அக்கௌரவத்தின் மறுபக்கத்தை இம்மண் மறந்துவிடக் கூடாது. 1968 டிசம்பர் 25 அன்று இரவு, அன்றைய கிழக்குத் தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டு நின்ற விவசாயத் தொழிலாளர் குடியிருப்புக்குள் நிலவுடைமையாளரின் ஆட்கள் துப்பாக்கிகளோடும் தீவட்டிகளோடும் நுழைந்தார்கள். குடிசையொன்றில் தஞ்சம் புகுந்த பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் தீக்கிரையானார்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அவர்களைக் கொன்றது தீதான். ஆனால் எதிர்த்து நிற்க முடியாமல் அவர்களைக் குடிசைக்குள் ஒடுங்கச் செய்ததில் துப்பாக்கிகளுக்கும் பங்குண்டு. தற்காப்புக்கென்று பெற்ற ஆயுதம் கூலித் தகராறிலும் வரப்புத் தகராறிலும் வாய்க்கால் தகராறிலும் கண்ணுக்குத் தெரியும்படி இடுப்பில் இருக்குமானால், எதிரே நிற்கும் எளியவருக்கு அது தற்காப்பாகத் தோன்றுவதில்லை. கைத்துப்பாக்கி வாங்குவோர் அதைத் தம் வயலுக்கும் கூலி வழங்கும் இடத்திற்கும் ஊர்க்கூட்டத்திற்கும் கொண்டுசெல்வதில்லை என்று முன்கூட்டியே உறுதி பூண வேண்டும் என இம்மடல் வற்புறுத்திக் கேட்கிறது.

சட்டம் தரும் தற்காப்புரிமையும் பலர் நினைப்பதைவிடக் குறுகியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள், பழைய தண்டனைச் சட்டத்தைப் போலவே, தேவைக்கு மேற்பட்ட தீங்கை அனுமதிப்பதில்லை. காவல்துறையின் பாதுகாப்பை நாட நேரமிருக்கும் இடத்தில் அவ்வுரிமை எழுவதேயில்லை. கொள்ளை, இரவில் வீடு உடைத்துப் புகுதல் போன்ற சிலவற்றில் மட்டுமே பொருளைக் காக்க உயிர்போக்குமளவுக்குச் செல்லலாம். தேங்காய் திருடிக்கொண்டு ஓடுபவனின் முதுகில் சுடுவது தற்காப்பன்று, குற்றமே. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டியதோடு, திருமணத்திலும் திருவிழாவிலும் மகிழ்ச்சிக்காகச் சுடுவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று.

எனில், உண்மையான தேவையும் உரிமமும் உள்ளவர் செய்யத்தக்கது என்ன? ஆயுத விதிகள் கேட்கும் பயிற்சிச் சான்றிதழை ஒருநாள் சடங்காக முடித்துவிடாமல், துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே காற்றுப் பிஸ்டலில் தொடங்குவது நல்வழி. அழுத்திய காற்றால் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைச் செலுத்தும் அக்கருவிக்கு, குண்டின் ஆற்றல் வரம்புக்குள் இருந்தால், உரிமம் தேவையில்லை. போட்டிகளில் அதற்குரிய தூரம் 10 மீட்டர், நடுவளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் மட்டுமே. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது அப்போட்டியில்தான். விசையை நடுக்கமின்றி அழுத்துதல், முன்குறியில் கண்ணை நிறுத்துதல், மூச்சை அடக்குதல் ஆகிய மூன்றும் அங்கே கைவந்துவிட்டால் .32 ரிவால்வருக்கும் அவை அப்படியே பொருந்தும். தஞ்சைக்கு அருகே புதுக்கோட்டையில் துப்பாக்கி சுடும் விளையாட்டுக்கு நெடிய மரபு உண்டு; பாரிஸ் சென்ற பிருத்விராஜ் தொண்டைமான் அந்நகர அரச குடும்பத்தவர். பறக்கும் தட்டைச் சுடும் அவ்விளையாட்டு வேறானாலும், ஒழுங்கோடு சுடுதல் எத்தகையது என்பதை அங்கே காணலாம். மாதம் ஒருமுறையாவது சுடுதளம் செல்ல இயலாதவர், உரிமத்தில் குறித்த தோட்டாக்களை ஆண்டுக்கணக்கில் பெட்டியில் பூட்டிவைத்திருப்பவர் ஆகியோர் துப்பாக்கியை வீட்டுக் காவலுக்கென்று இரும்புப் பெட்டியில் வைப்பதோடு நிறுத்திக்கொண்டு, இடுப்பில் சுமக்கும் எண்ணத்தைக் கைவிடுவதே முறை.

அப்பெட்டியும் உண்மையிலேயே பூட்டப்பட்டதாக இருக்க வேண்டும். தலையணைக்கடியிலும் நெற்குதிருக்குள்ளும் பூசையறை அலமாரியிலும் வைக்கப்பட்ட துப்பாக்கியைக் குழந்தைகள் கண்டெடுப்பார்கள். கடன் நெருக்கிய ஒருவர், மனம் உடைந்த ஒரு நொடியில், அதைத் தமக்கெதிராகவே எடுக்கவும் கூடும். தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு சாவியில் இருப்பது நன்று. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும்; தோலுறைக்குள்ளேயே வைத்துவிட்டால் தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். பச்சை படிந்த, பள்ளம் விழுந்த தோட்டாக்களைச் சுடவும் கூடாது, குப்பையில் எறியவும் கூடாது. ஆயுத வணிகரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

உரிமம் வைத்திருந்த தந்தையோ பாட்டனாரோ மறைந்தபின் அவர் துப்பாக்கி பரணில் கிடக்கும் குடும்பங்கள் படுகையில் இருக்கின்றன. அதைத் தொடர்ந்து வீட்டில் வைத்திருப்பது, சுடாவிட்டாலும், உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்த குற்றமாகும். ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அதைக் காலம் தாழ்த்தாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். வாரிசுகளுள் ஒருவர் தம் பெயரில் உரிமம் பெற்றால் மீட்டுக்கொள்ளலாம், உரிமம் உடைய வேறொருவருக்கு விற்கலாம், இரண்டும் வேண்டாமெனில் அரசிடமே விட்டுவிடலாம். ஒப்படைக்கச் செல்லும் நாளில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை அறிந்தவர் ஒருவரைக் கொண்டு உறுதிசெய்து, பழைய உரிமப் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் உடன் எடுத்துச் செல்வது நலம்.